எதிர்ப்பக்கம் ஓடிய ரத்தம்

தையல்காரியின் மகளுக்கு அப்போது நான்கு மாதம். பால் குடிக்க ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே நெற்றியில் முத்து முத்தாக வேர்க்கும். மார்பை விட்டு வீறிட்டு அழும். மாமியார் வாயுத் தொல்லை என்றார். கணவனோ, "உன்னை மாதிரியே சாப்பிட அவசரம்" என்று கேலி செய்தான். எடை ஏறாமல் போகவே அவனுக்கும் சிரிப்பு வற்றியது.

முதலில் பார்த்த மருத்துவமனையில், இதயத் தசை பலவீனம் என்று மருந்து கொடுத்தார்கள். குணம் தெரியவில்லை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். பத்து நிமிட வேலை என்றவள், அரை மணி நேரமாகியும் கருவியைக் குழந்தையின் நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை. திமிறும் மகளின் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தையல்காரி குனிந்தே நின்றாள்.

"ஏம்மா, பால் குடிக்கிறப்பதான் அழறாளா?"

"ஆமாங்க. வேர்த்துக் கொட்டும்."

எக்கோ எடுத்தவள் திரையில் மெல்லிய வண்ணக் கீற்று ஒன்றைக் காட்டினாள். "இந்த ரத்தம் எதிர்ப்பக்கமா ஓடுது. டாக்டரக் கூப்பிடுறேன், இருங்க."

மறுநாள் எடுத்த சி.டி. ஸ்கேன் அதை உறுதிசெய்தது. டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். "இதயத் தசைக்கு ரத்தம் குடுக்கிற குழாய்ல ஒண்ணு, பெரிய தமனியிலேருந்து கிளம்பணும். இவளுக்கு அது நுரையீரலுக்குப் போற குழாய்ல ஒட்டியிருக்கு. அதான் இதயம் பட்டினி கிடக்குது. பால் குடிக்கிறதே இவளுக்கு ஓட்டப்பந்தயம் மாதிரி."

"சரி பண்ண முடியுமாங்க?"

"முடியும். பிரிச்செடுத்து சரியான இடத்துல தைச்சிடலாம்."

தைப்பது என்று கேட்டதும்தான் தையல்காரிக்கு மூச்சு வந்தது. அது அவளுக்குத் தெரிந்த வேலை.

அறுவை சிகிச்சை ஆறு மணி நேரம் நடந்தது. பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாள். மகள் பிழைத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்துக் கணவனோடு பரிசோதனைக்குப் போனபோது அதே பெண்தான் எக்கோ எடுத்தாள். இதயம் நன்றாகச் சுருங்கி விரிகிறது என்றாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நன்றியைத் தையல்காரி சொல்லத் தொடங்கினாள்.

"அன்னிக்கு நீங்க மட்டும் விட்டிருந்தா..."

"நான் மட்டும் என்னம்மா? இவ திமிறினா படமே ஆடிப்போகும். அரை மணி நேரம் குனிஞ்சே நின்னு, கன்னத்தோட கன்னம் வெச்சு அடக்கினது நீங்கதானே? அதனாலதான் அந்தக் கீற்று கண்ணுல பட்டுச்சு."

இதைத் தையல்காரி யோசித்தே பார்த்ததில்லை. அவள் கணவன் கைகூப்பினான். அந்தப் பெண் அவன் தோளைத் தட்டிவிட்டு, வெளியே காத்திருந்த அடுத்த குழந்தையை உள்ளே கூப்பிட்டாள்.