மொன்ஜியா கேட்ட தீர்ப்பு நகல்

அடக்கம் செய்யப்பட்ட நாலாம் நாள் காலை பத்து மணிக்கு லஸ்ஹர் ஐன் தர்ஃபா என்ற ஊருக்கு வந்து, தன் முதல் மனைவி மொன்ஜியாவின் வீட்டுக் கதவைத் தட்டினான். அவனைப் புதைத்த ஸ்ஃபாக்ஸ் நகரம் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டர். நடந்தே வந்திருந்தான். சவத்துக்குச் சுற்றிய கஃபன் துணியின் ஓரம் நைந்து, முழங்கால் வரை ஒலிவத் தோப்புகளின் செம்மண் ஏறியிருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துவந்த மொன்ஜியா, விடுமுறை நாளென்பதால் வீட்டில் கொண்டைக்கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்ததும் அவள் கை தானாகப் போய் இடது காதைப் பொத்திக்கொண்டது. அவன் அவளைத் தாண்டி உள்ளே வந்து, அடுப்புக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தான். எதற்கு வந்தாய் என்று கேட்டாள். "நானா வரல. பொண்டாட்டி இருக்கற வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாங்க. பதிவுல உன் பேருதான் இருக்காம்" என்றான். பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்து, "ஏன் இப்படிக் கெழவியாயிட்டே?" என்று கேட்டான். பக்கத்து வீட்டு ரெபஹ் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, முறைப்படி துக்கம் விசாரித்துவிட்டு, ரொட்டி கருகுகிறதென்று போய்விட்டாள்.

மொன்ஜியாவுக்கு அவனோடு கல்யாணமானது பத்தொன்பதாவது வயதில். அப்போது லஸ்ஹர் பாஸ்பேட் சுரங்கத்தில் வேலை செய்தான். சுரங்கத்தில் மேஸ்திரி திட்டினால் வீட்டில் அவளை அடித்தான். மேஸ்திரி திட்டாத நாளிலும் அடித்தான். மூன்றாம் வருடம் விழுந்த ஓர் அறையில் அவளுடைய இடது காது செத்துப்போனது. அவளே போய் வழக்குப் போட்டாள். சமரசப் பேச்சு மூன்று தடவை நடந்தது, வாய்தா நாற்பது தடவைக்கு மேல் போனது, சாட்சி சொல்ல வந்த அவளுடைய சொந்தத் தாயே பொறுத்துப் போகச் சொன்னதாக நீதிபதியிடம் சொன்னாள். ஆறு வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. "முடிஞ்சதும்மா, போய் நிம்மதியா இரு" என்று நீதிபதி சொன்னார். அவள் நீதிமன்றப் படிக்கட்டில் உட்கார்ந்து, கையிலிருந்த முழு ரொட்டியையும் தனியாகத் தின்றாள். தீர்ப்பின் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கவும் தெரியாது. நீதிபதி வாயால் சொல்லியாகிவிட்டதே என்று இருபத்தாறு வருடம் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

அவன் வந்த மறுநாள் காலையிலேயே நகராட்சிக்குப் போனாள். அவன் பின்னாலேயே வந்து வரிசையில் நின்றான். ஜனங்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். ஊரில் கலவரம் நடந்த வருடம் பழைய பதிவேடுகள் எரிந்திருந்தன. அதற்கு முன்பே அவற்றைக் கணினியில் ஏற்றிய யாரோ, கல்யாணத்தை ஏற்றிவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்த விவாகரத்துக் குறிப்பை விட்டுவிட்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, மொன்ஜியா இப்போது விதவை என்றும், இதில் கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னாள். நான் அவனுடைய விதவை இல்லை என்றாள் மொன்ஜியா. "அவனை நான் கோர்ட்டுல வச்சு விட்டவ. ஆறு வருஷம் நடந்து விட்டவ." அந்தப் பெண் இரக்கப்பட்டாள். கணினிக்கு அது தெரியாது, தீர்ப்பின் சான்றிட்ட நகல் கொண்டுவந்தால் அரை மணியில் திருத்திவிடலாம், எல்லாம் சரியாகிவிடும் என்றாள்.

அந்த வாரமே ஸ்ஃபாக்ஸிலிருந்து வாடகை வேனில் தலெண்டா வந்து இறங்கினாள். லஸ்ஹரோடு இருபத்துநாலு வருடம் குடும்பம் நடத்தியவள். துறைமுகத்து ஐஸ் ஃபாக்டரியில் அவன் வேலை பார்த்ததும், மகன் ஸலீம் கப்பலில் சேர்ந்ததும் அவள் கூட இருந்தபோதுதான்; ரத்தக் கொதிப்பில் அவன் விழுந்ததும் அவள் கையில்தான். மரணத்தைப் பதியப் போன இடத்தில் அவளுக்கும் ஒரு திரையைக் காட்டியிருந்தார்கள். முதல் கல்யாணம் ரத்தாகாமல் இருப்பதால் இரண்டாவது செல்லாது, ஆகவே அவள் அவனுக்கு யாருமில்லை. ஒருத்தி மனைவி இல்லையென்றும் இன்னொருத்தி மனைவிதானென்றும் நிரூபிக்க, இருவருக்கும் அதே ஒரு காகிதம் வேண்டியிருந்தது. கதவைத் திறந்த மொன்ஜியாவிடம் தலெண்டா இதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே முக்காலியில் அவன் இருப்பதைப் பார்த்துவிட்டாள். ஓடிப்போய் அவன் காலடியில் உட்கார்ந்தாள். அவன் கால்களை இழுத்துக்கொண்டு, மொன்ஜியாவைப் பார்த்து, "யார் இந்தப் பொம்பள?" என்று கேட்டான்.

பதிவேட்டுக்குத் தெரிந்ததுதான் அவனுக்குத் தெரிந்தது. கல்யாணம் ஞாபகமிருந்தது. ஸ்ஃபாக்ஸ், ஐஸ் ஃபாக்டரி, ஸலீம், தலெண்டா எதுவுமில்லை. அடித்ததும் இல்லை. மொன்ஜியா ஒருநாள் துணிந்து, என் காதை என்ன செய்தாய் என்று கேட்டாள். "எந்தக் காது?" என்றான் அவன், உண்மையாகவே தெரியாமல். அவனைப் பார்க்காமலிருந்த இத்தனை வருடத்தில் அவள் அழுததில்லை. அன்று அடுப்படியில் நின்று அழுதாள். தலெண்டா அவளைத் தேற்றப்போய், தெரியாத்தனமாக ஒன்றைச் சொன்னாள். "என்னை ஒருநாளும் கை நீட்டினதில்லக்கா." மூன்று நாள் மொன்ஜியா அவளோடு பேசவில்லை. நாலாம் நாள், வா, கோர்ட்டுக்குப் போவோம் என்றாள்.

புது நீதிமன்றத்தில் கணினி இருந்தது, பழைய வழக்குகள் இல்லை. வழக்கு எண் கேட்டார்கள், அவளிடம் இல்லை. எண் தெரியாதவர்கள் அட்டவணைப் புத்தகத்தில் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்; அட்டவணைப் புத்தகம் வெள்ளத்தில் போயிருந்தது. மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மனுவில் வழக்கு எண் எழுத ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்பாத மனுவை வாங்கமாட்டார்கள். கோடை முழுவதும் இப்படியே போனது. கடைசியில் ஒரு பியூன், பழைய கட்டிடத்தின் நிலவறைக்குப் போய் ஸி அலாலாவைப் பாருங்கள், கையில் பஞ்சு கொண்டு போங்கள் என்றான்.

பஞ்சு எதற்கென்று படியில் இறங்கும்போதே தெரிந்தது. நிலத் தகராறுகளும் திருட்டுகளும் கொலைகளும் அலமாரிகளில் சத்தமில்லாமல் கிடந்தன. விவாகரத்துக் கட்டுகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. கயிறு கட்டியிருந்தால் முணுமுணுக்கும். அவிழ்த்துவிட்டால் முதல் பக்கத்திலிருந்து, அவரவர் குரலில், வாக்குமூலம் வாக்குமூலமாகச் சொல்ல ஆரம்பிக்கும். முப்பது வருடமாக அங்கே காவலிருந்த ஸி அலாலா, காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். "புருஷன் செத்தப்புறம் விவாகரத்துப் பேப்பர் கேட்டு வர்ற முதல் ஆள் நீதாம்மா" என்றார். சிரிக்கவில்லை. அட்டவணை இல்லாததால் வேறு வழியில்லை, உன் குரலை நீயே தேடிக்கொள் என்று அலமாரிகளைக் காட்டினார். பதினோராயிரம் கட்டுகள் இருந்தன.

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் மொன்ஜியா நிலவறைக்குப் போவாள். நல்ல காதை ஒவ்வொரு கட்டின் மேலும் வைத்துக் கேட்பாள். ஊரில் பாதிப் பேருடைய கதை அவளுக்குத் தெரிந்துபோனது. ரெபஹின் அக்கா எதற்காகப் பிரிந்தாள், தபால்காரர் தன் மனைவியிடம் எப்படிக் கெஞ்சினார், எல்லாம். யாரிடமும் சொல்லவில்லை. தலெண்டா ஸ்ஃபாக்ஸ் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து தங்கிவிட்டாள். லஸ்ஹரை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மொன்ஜியாவைப் பின்தொடர்ந்து நிலவறைக்கு வந்தானென்றால், அவனைக் கண்டதும் கட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. ஆகவே தலெண்டா கதவைச் சாத்திக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்திருந்தாள். காப்பி வைத்துக் கொடுப்பாள். குடிக்கமாட்டான். விருந்தாளி எப்போது கிளம்புவாள் என்று அவள் காதுபடவே மொன்ஜியாவிடம் கேட்பான்.

இரண்டாவது வருடம், மழைக்காலத்தில், ஒரு விடுமுறை நாள் காலை, கீழ் வரிசையில் ஈரம் பாய்ந்த ஒரு கட்டுக்குள்ளிருந்து தன் இருபத்திரண்டு வயதுக் குரலை மொன்ஜியா கேட்டாள். அது தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, நான் வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்றது. அவள் கயிற்றை அவிழ்த்தாள். ஒரு மணி நேரம் கட்டு பேசியது. காது போன அன்று என்ன சமையல் என்பதுகூட அதில் இருந்தது. அவள் தாய் பேசினாள். டாக்டர் பேசினார். பிறகு லஸ்ஹரின் இளங்குரல், அவளே கதவில் இடித்துக்கொண்டாள் என்று சத்தியம் செய்தது. அது மட்டும் கேட்காதிருக்க அவள் செத்த காதைத் திருப்பிக் காட்டினாள். கட்டு பேச்சை நிறுத்திவிட்டு, அவள் நல்ல காதைத் திருப்பும்வரை காத்திருந்தது. கடைசியில், பதினொரு மணிக்கு, நீதிபதி நாலு நிமிடம் தீர்ப்பு வாசித்தார். மனுதாரருக்குத் தீங்கு நேர்ந்தது உறுதியாவதால் இந்தத் திருமணம் கலைக்கப்படுகிறது.

ஸி அலாலா கடைசிப் பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வெள்ளம் அதைக் கழுவியிருந்தது. நீலக் கறை மட்டும் இருந்தது. ஓர் எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஈரத்தைச் சொல்லி என்ன பயன் என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் விடாமல் புது நீதிமன்றத்துக்கு எழுதிப்போட்டு, ஒரு நீதிபதியையே படியிறங்க வைத்தார். அந்த அம்மாள் நல்லவர். ஒரு மணி நேரமும் நின்றே கேட்டார். தீர்ப்பைக் கேட்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "எனக்குக் கேக்குதும்மா. ஆனா கேக்கறதுல நான் எங்க முத்திரை குத்துவேன்?" என்றார். கேட்டதை ஆள் வைத்து எழுதிக்கொள்ளலாமே என்றார் ஸி அலாலா. எழுதினால் அது இன்று எழுதியது, அன்றைய தீர்ப்பின் நகல் ஆகாது என்றார் நீதிபதி. கட்டு கிடைத்தது, பக்கம் படிக்கும் நிலையில் இல்லை என்று ஒரு கடிதம் மட்டும் கொடுத்தார். நகராட்சியில் அந்தக் கடிதத்தை வாங்கி, தேதி போட்டு, கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

கட்டு கிடைத்த அந்த முதல் நாள் மதியம் மொன்ஜியா வீடு திரும்பியபோது தலெண்டா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். லஸ்ஹர் வழக்கம்போல முக்காலியில் சும்மா இருந்தான். பதினொரு மணிக்கு அவன் திடீரென்று தலையைத் தூக்கி, "தலெண்டா, மீன் வாங்கினியா? பூனை வாசல்லயே சுத்துது பாரு" என்றானாம். ஸலீமின் கப்பல் எந்தத் துறைமுகத்தில் என்று கேட்டானாம். அவள் கையைப் பிடித்து, குளிர்ந்திருக்கிறதே என்றானாம். நாலு நிமிடம். பிறகு கையை விட்டுவிட்டு, நீ யார் என்று கேட்டிருக்கிறான்.

நிலவறையில் தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் அதே பதினொரு மணிக்கு, அதே நாலு நிமிடம்தான் என்று மொன்ஜியா சொன்னாள். பிறகு தலெண்டா, "நான் கேக்கமாட்டேன்க்கா. அதை மறுபடி கேளுன்னு உன்னை எந்த வாயால கேப்பேன்?" என்றாள். கடைசிப் பக்கத்தை மட்டும் திறந்தால் போதுமா என்று மொன்ஜியா மறுநாள் முயன்று பார்த்தாள். போதாது. கட்டு எப்போதும் முதலிலிருந்துதான் தொடங்கியது; யாராவது கேட்டால்தான் மேலே போனது; அதன் சொந்தக்காரி கேட்டால் மட்டுமே வீட்டில் லஸ்ஹர் தலையைத் தூக்கினான். அடுத்த செவ்வாய்க்கிழமை, சமையலறையில் விடுப்புச் சொல்லிவிட்டு, மொன்ஜியா பத்து மணிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். அதற்கடுத்த செவ்வாயும் போனாள். தன் குரல் அழுவதை, தாய் பொறுத்துப் போகச் சொல்வதை, அவன் சத்தியம் செய்வதை வாரா வாரம் கேட்டாள். தீர்ப்பு வரும்போது முதுகை நிமிர்த்தி உட்காருவாள். அந்த நாலு நிமிடம் தனக்கும்தான் என்று ஸி அலாலாவிடம் ஒருமுறை சொன்னாள். என் காதைப் பற்றி அவன் ஏதாவது சொன்னானா என்று தலெண்டாவிடமும் ஒரே ஒருமுறை கேட்டாள். தலெண்டா பொய் சொல்லவில்லை. "கேட்டேன்க்கா. உன் பேரச் சொன்னேன். அப்படியான்னு மட்டும் சொன்னாரு."

ஸி அலாலா ஓய்வு பெற்றபோது நிலவறைச் சாவியை மொன்ஜியாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். வேறு யாரும் கேட்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அவள் புது மனு கொடுத்தாள், வருடத்துக்கு ஒருமுறை அதே பதில் வந்தது. தான் செத்தால் எங்கே அனுப்புவார்கள் என்று நகராட்சிப் பெண்ணிடம் விசாரித்தாள். அவள் திரையைப் பார்த்துவிட்டு, வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஈரம் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. முதலில் டாக்டரின் குரல் போனது, பிறகு தாயின் குரல். லஸ்ஹரின் சத்தியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தீர்ப்பு மூன்று நிமிடமாயிற்று, இரண்டாயிற்று, இப்போது ஒன்றரை. தலெண்டா பேச வேண்டியதை முதல்நாளே யோசித்து, அவசியமில்லாததை விட்டுவிடுகிறாள். ஐன் தர்ஃபாவில் எல்லோருக்கும் இது தெரியும். செவ்வாய்க்கிழமை பதினொரு மணி ஆகப்போகிறதென்றால் ரெபஹ் ரேடியோவைக் குறைக்கிறாள். காய்கறி வண்டிக்காரர் கூவாமல் அந்தத் தெருவைக் கடக்கிறார். அவசர வேலையாக வருகிறவர்களும் அந்தக் கதவைத் தட்டாமல் சற்று நேரம் வெயிலில் நிற்கிறார்கள்.