பிலோமினாவின் முதல் இசைத்தட்டு

பிலோமினாவின் முதல் இசைத்தட்டு நுவரெலியாவில் ஒரு மண்டபத்தில் பதிவானது. அவள் தனியாக வாசித்த வயலின் பகுதிகள் காலையிலேயே நன்றாக முடிந்துவிட்டன. பிறகு, கொழும்பிலிருந்து வந்த வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் கான்சர்ட்டோ. அதில் வயலின் மட்டும் மெல்ல இழையும் இடத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா சவரிமுத்து இருமிவிட்டார். தேயிலை ஃபெக்டரித் தூசி கொடுத்த இருமல்.

பதிவு நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு ஒங்கள உள்ள வரச் சொன்னது? வெளிய போங்க!" என்று கத்தினாள் பிலோமினா. வரச் சொன்னதே அவள்தான். அதற்காகவே அவர் டயகமவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். துண்டால் வாயைப் பொத்தியபடி வெளியேறியவர், மாலை வரை சாரலில் நின்றார். வீடு திரும்பும் பஸ்ஸிலும் அவள் தள்ளிப் போய் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள்.

தட்டு வெளிவந்ததும் இருவரும் கொட்டகலையில் நஸார் நானாவின் கடைக்குப் போனார்கள். அவரிடம் இசைத்தட்டு போடும் ரேடியோகிராம் இருந்தது. கடைக்கு வந்தவர்களும் நின்று கேட்டார்கள். அந்த மெல்லிய இடம் வந்ததும் சவரிமுத்து துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டியது.

"இருமுங்கப்பா. இப்ப இருமுனா ஒண்ணும் ஆகாது."

அவர் தலையாட்டி மறுத்தார். தட்டு நின்ற பிறகுதான், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தார்.

"நல்லா வாசிச்சிருக்க தாயி," என்றார் மூச்சு வாங்க.

கடையே கைதட்டியது. அன்று அத்தனை பேர் முன்னால் அவரை விரட்டியவளுக்கு, இன்று இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் தலை நிமிரவேயில்லை.