இரண்டு கட்டம் உயரே

...இல்லை, மை நன்றாகக் காய்ந்த பிறகுதான் கடிதத்தை மடித்தான், அது நினைவிருக்கிறது, மடித்து கார்விக்கின் கையில் கொடுத்துவிட்டு இடது கையை மூன்று முறை கழுவினான், நகக்கண்ணில்கூட ஒரு பொட்டு மை ஒட்டியிருக்கவில்லை, அப்புறம் எதற்கு இந்தப் பயம்? மோக் யீ-தோங் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். வணிகர் சங்கத்து முற்றத்தில் பதினோரு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் ஆங்கிலேயர் கிடங்குகளில் வேலை பார்க்கிறவர்கள், எல்லாரும் எழுதத் தெரிந்தவர்கள், அதனால்தானே பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். ஏட்டில் அவன் தேயிலைக் கிடங்குக் குமாஸ்தா. உண்மையில் அவன் வேலை கார்விக் என்கிற ஆங்கிலேயனுக்கு, அந்தச் செம்பட்டை மயிரானுக்கு, சீன எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, கதவைச் சாத்திக்கொண்டு, குரலை அடக்கிக்கொண்டு. அந்நியச் செம்பட்டையானுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் தலை போகும் என்று சட்டம். அவனுக்காகக் கடிதம் எழுதிக்கொடுத்தால்? அதற்குத் தனிச் சட்டம் வேண்டுமா என்ன, தலை ஒன்றுதானே இருக்கிறது... கையை மடியில் வைத்து இன்னொரு கையால் அழுத்திக்கொண்டான், அது நடுங்கியது, காலையிலிருந்தே நடுங்குகிறது, கஞ்சிக் கிண்ணம் தளும்பியதைப் பார்த்து மனைவி ஜுரமா என்று கேட்டாள். மகள் ஆ-லின் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரொம்பப் பெரியவள் மாதிரி, ஜுரமெல்லாம் இல்லை, சும்மா நடிக்கிறார் என்றாள்.

"என்ன வாத்தியாரே, வெயிலே இன்னும் ஏறல, அதுக்குள்ள இப்படி வேர்க்குது?" பக்கத்தில் இருந்த தாம் கான்-சிங் முழங்கையால் இடித்தான். தேயிலைப் பெட்டிகளுக்கு எண் போடுகிறவன், மூன்று முறை அரசாங்கத் தேர்வில் தோற்ற மோக்கை வாத்தியார் என்று கூப்பிடுவதில் அவனுக்கு ஓர் ஆனந்தம். "நேத்து நண்டு தின்னேன், ஒத்துக்கல" என்றான் மோக். "நண்டு தின்னா பேதியாகும், வேர்க்காது. பொண்டாட்டி திட்டினாளா?" இவன் வாயை யாராவது தைத்தால் தேவலை, உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவிடாமல் தொணதொணக்கிறான், ஜன்னல் சட்டத்துக்கு அந்தப்புறம்தான் ஆளுநரின் காரியதரிசி உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் அந்தக் கடிதம் கிடக்கிறது. நான்கு நாள் முன்னால் ஆங்கிலேயர்கள் கூட்டமாக நடந்து நகர வாசலுக்கே போய் அதை நீட்டினார்கள். வாசல் காவல் அதிகாரி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தொடமாட்டேன் என்று நின்றாராம், வெயிலில் இரண்டு மணி நேரம் இவர்கள் நீட்ட அவர் வாங்காமல் நிற்க, கடைசியில் சங்கத்து வணிகர் ஒருவர் வாங்கிக்கொண்டார். நிறுத்திவைத்த வியாபாரத்தைத் திறந்துவிட வேண்டும், இனிமேல் தங்கள் அதிகாரி வணிகர்கள் மூலம் இல்லாமல் ஆளுநருக்கே நேராக எழுதுவார்... இதுதான் விஷயம், கார்விக் வாயால் சொன்னான், மோக் எழுதினான். புத்திசாலி என்று நினைப்பு! இடது கையால் எழுதினான், கோணலாக, கோடுகளை முறை மாற்றிப் போட்டு, செம்பட்டையானே கஷ்டப்பட்டு எழுதியது மாதிரி. கார்விக்கூடச் சிரித்தான், என் எழுத்து இவ்வளவு மோசமா என்று. யார் கண்டுபிடிப்பார்கள்? ஒருத்தரும் முடியாது. முடியாது என்றால் இந்தப் பெஞ்சு எதற்கு?

அப்போது கான்-சிங் கொட்டாவி விட வாயைத் திறந்தான், அந்த ஒரு நொடி அமைதியில் காரியதரிசியின் குரல் தெளிவாக வந்தது. "எழுத்து நண்டு நடந்த மாதிரிதான் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா சக்கரவர்த்தின்னு வர்ற ஏழு இடத்தையும் பாருங்க. வரியை அப்படியே விட்டுட்டு, அடுத்த வரியை ரெண்டு கட்டம் உயரத் தூக்கி ஆரம்பிச்சிருக்கான். இந்த மரியாதையெல்லாம் செம்பட்டையானுக்கு எப்படிய்யா தெரியும்? இது நம்ம பள்ளிக்கூடத்துல பிரம்படி வாங்கின கை, வேணும்னே இடது கையால கிறுக்கியிருக்கான்." மோக் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். ஏழு இடம். ஏழு இடத்திலுமா? ஆமாம், ஏழு இடத்திலும்தான், எப்படி இல்லாமல் போகும், ஏழு வயதில் பிரம்பு விரல் முட்டியில் விழுந்ததே, மேலிருந்து கீழே இறங்கும் வரிகளில் சக்கரவர்த்தி பெயர் மற்ற எழுத்துகளின் தலைக்கு மேல் நிற்க வேண்டும், ஒரு கட்டம் குறைந்தாலும் தேர்வுத் தாளைக் கிழித்து எறிவார்கள். முப்பது வருஷமாக அந்த வார்த்தை வரும்போதெல்லாம் கை தானாகத் தாளின் உச்சிக்குப் போகும், கோயிலுக்குள் நுழையும்போது தலை குனிகிற மாதிரி, யோசித்தா செய்கிறோம்? கார்விக்கே கேட்டானே, பாவி, வரியைப் பாதியில் விட்டுத் தாளை வீணடிக்கிறாயே ஏன் என்று கேட்டானே! அழகுக்கு என்று சொன்னேனே! அப்போதாவது மண்டையில் உறைத்ததா? கோட்டைக் கோணலாக்கத் தெரிந்தது, எழுத்தை நொண்டவைக்கத் தெரிந்தது, மரியாதையை மட்டும் மறைக்கத் தெரியவில்லையே, அடப்பாவி மோக், உன் படிப்பே உன் கழுத்துக்குக் கயிறாகிவிட்டதே...

காரியதரிசியின் ஆள் முற்றத்துக்கு வந்தான். உள்ளே ஒவ்வொருவராக வந்து அவர் சொல்லும் வரியை எழுத வேண்டும், இடது கையால் எழுத வேண்டும் என்றான். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. மோக்கும் சிரித்தான், சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே. வலது கையால் என்றால் பயமில்லை, அவன் வலது கை எழுத்து முத்து முத்தாக இருக்கும், இடது கைக்கு ஒரே ஒரு எழுத்துதான் தெரியும், கடிதத்தில் இருக்கிற அதே எழுத்து, அதை இன்னொரு தடவை எப்படி மாற்றுவது? விரலைப் பெஞ்சுக்கு அடியில் கொடுத்து நசுக்கிக்கொண்டால்? கட்டுப் போட்ட கையைப் பார்த்தால் முதலில் அவனைத்தான் பிடிப்பார்கள். ஓடினால்? ஆ-லினையும் அவள் அம்மாவையும் தூக்கி உள்ளே போடுவார்கள். அவர்களுக்காகத்தான் பயப்படுகிறேன், எனக்காக இல்லை, சத்தியமாக எனக்காக இல்லை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான். ஒருவன் போனான், திரும்பினான். இன்னொருவன் போனான், சிரித்துக்கொண்டே திரும்பினான். ஏழு பேர் முடிந்தது.

"இடது கைதானே? எனக்கு வெல்லம்!" என்று கான்-சிங் எழுந்தான். "எங்கம்மா இந்தக் கையைக் கட்டிப் போட்டு, அடிச்சு, மிளகாயைத் தேச்சு, என்னென்னவோ பண்ணிப் பார்த்தா. இன்னமும் திருட்டுத்தனமா இதாலதான் பெட்டிக்கு நம்பர் போடறேன். பாரு வாத்தியாரே, இன்னைக்கு நான் உன்னைவிட அழகா எழுதிக் காட்டறேன்." உட்காருடா முட்டாள் என்று மோக்கின் நெஞ்சு கத்தியது, வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான்? கதவு திறந்துதான் இருந்தது, கான்-சிங் கையை நீட்டி மடக்கிவிட்டு மளமளவென்று எழுதுவது தெரிந்தது, காரியதரிசி தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், கான்-சிங்கை ஏற இறங்கப் பார்த்தார். "இடது கை ரொம்பப் பழகின கையா இருக்கே." "பொறந்ததுலேருந்துங்க" என்றான் அவன் பெருமையாக. "சரி. நீ அந்த ஓரமா நில்லு." அவ்வளவுதான். இரண்டு காவலர்கள் அவன் அருகில் வந்து நின்றார்கள், அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது மோக். காரியதரிசி நிமிரவே இல்லை, கான்-சிங்கின் பெயர், ஊர், கிடங்கு என்று ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். "நீயும் கடமைக்கு எழுதிட்டுப் போ. சக்கரவர்த்தியின் கருணையால் கப்பல்கள் நதியில் நிற்கின்றன." மோக் தூரிகையை இடது கையில் எடுத்தான், நடுங்கும், நடுங்கினால் எழுத்து மாறிவிடும், பயமே காப்பாற்றிவிடும் என்று நினைத்துக்கொண்டு தாளில் வைத்தான்... கை நடுங்கவில்லை. காலையிலிருந்து ஆடிய கை, கான்-சிங்கை ஓரமாக நிற்கச் சொன்ன அந்த நிமிஷத்திலிருந்து கல் மாதிரி நின்றுவிட்டது. நிதானமாக, ஒரு கோடு பிசகாமல், அன்று கார்விக்கின் மேசையில் எழுதியது எப்படியோ அப்படியே வந்தது, அதே சாய்வு, அதே நொண்டல், சக்கரவர்த்தி இரண்டு கட்டம் உயரே. கடிதம் ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். "வெச்சுட்டுப் போய்யா" என்றார் காரியதரிசி, தலை நிமிராமல். எழுதிய தாள்களின் கட்டு மேல் வைத்தான். "வாத்தியாரே, எங்க வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிடு, வர நேரமாகும்னு" என்றான் கான்-சிங். மோக் தலையாட்டினான்.

தெருவில் வெயில், மீன் நாற்றம், சுமைக்காரர்களின் கூச்சல். கால்கள் தாமாகவே வேகமாக நடந்தன. அந்தத் தாளை யாராவது ஒருவர் ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும், கான்-சிங் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பான், நான்கு பிள்ளைகள் அவனுக்கு... பார்க்க வேண்டும் என்றுதானே நினைக்க வேண்டும்? இன்னும் இரண்டு பேர் பாக்கி, அவர்கள் தாள் மேலே விழுந்துவிடும், மூடிவிடும், ஒருவரும் புரட்டிப் பார்க்கமாட்டார்கள். கயிற்றுக்கடைத் தெரு முனையில் பின்னாலிருந்து ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டுச் செத்தேன் என்று நின்றான். காவலர்கள் இல்லை, அந்த இரண்டு பேர்தான், பள்ளிக்கூடம் விட்ட மாதிரி முகம். "எங்களை எழுதவே சொல்லலய்யா! ஆள் கிடைச்சாச்சு, கிளம்புங்கன்னுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே அவனைத் தாண்டி ஓடினார்கள். அப்படியானால் அவன் தாள்தான் மேலே இருக்கிறது, மேசைமேல், மூடாமல், ஜன்னலோரம். திரும்பிப் போய்ச் சொல்ல நூறு எட்டு இருக்குமா? ஆற்றுப் பக்கமிருந்து லேசாகக் காற்று வந்து சட்டையைத் தொட்டது. இன்னும் பலமாக அடி, அந்த ஜன்னல் பக்கம் அடி, அதைத் தூக்கிக்கொண்டு போய்விடு என்று தன் உதடுகள் கெஞ்சிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவனுக்குக் கேட்டது.