நாலரை மணி நேரத்தில் தாய்மாமன்

மகள் தமிழ்மதியின் காதுகுத்துக்கு நேரம் குறித்தது வினிதாதான். இப்போது வாசலுக்கும் போனுக்குமாக அல்லாடுவதும் அவள்தான்.

தம்பி அஜய்க்கு தோஹாவில் வேலை. அங்கிருந்து மதுரைக்கு எவ்வளவு தூரம் என்று போனில் தட்டிப் பார்த்தாள். மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், நாலரை மணி நேரம் என்று வந்தது. உடனே மாமியார் சொர்ணலட்சுமியிடம் ஓடினாள்.

"நாலரை மணி நேரந்தான் அத்தை! ராத்திரி ஏறுனான்னா விடியங்காட்டி வந்துருவான்."

சும்மா இருந்திருக்கலாம். அது வரைபடத்தில் கோடு போட்டு அளந்த கணக்கு. மதுரைக்கு நேர் விமானமே கிடையாது என்பது அஜய் டிக்கெட் அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. மும்பையில் இறங்கி மாறி, பத்து மணிக்கு மதுரை. அங்கிருந்து கோயில் இருக்கும் சின்னாளபட்டிக்கு ஒன்றேகால் மணி நேரம். எப்படியும் நல்ல நேரம் முடியும் பன்னிரண்டுக்குள் வந்துவிடுவான் என்று மனதைத் தேற்றியிருந்தாள். பாழாய்ப்போன மும்பை விமானம் ஒன்றேகால் மணி நேரம் தாமதம்.

பெற்றவர்கள் போய்ச் சேர்ந்தபின் பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது அஜய் ஒருத்தன்தான். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தினால் சனம் காலத்துக்கும் சொல்லிக் காட்டும். நினைக்கவே அழுகை வந்தது.

மணி பதினொன்று நாற்பது. கோயில் மண்டபத்தில் பிரியாணி இறக்கியாயிற்று. ஆசாரி கம்மலைத் துடைத்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கதான் இருக்கான் உன் தம்பி?" என்றாள் சொர்ணலட்சுமி.

"பக்கத்துல வந்துட்டான் அத்தை."

பச்சைப் பொய். அஜய் அப்போதுதான் மதுரையில் காரில் ஏறியிருந்தான்.

"பன்னெண்டுக்கு ராகு காலம் பொறந்துரும். எங்கண்ணன் சேதுபதி மடியில வச்சுக் குத்திருவோம்."

வினிதாவுக்குப் பகீரென்றது. பிள்ளையை வாரி எடுத்தவள், மாமனுக்குப் போட்டிருந்த பலகையில் தானே போய் உட்கார்ந்தாள்.

"குத்துங்க ஆசாரி. எங்க வீட்டு ஆளு நான் இருக்கேன்ல!"

ஆசாரி சாமியைக் கும்பிட்டுவிட்டு வலது காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டது. அவர் இடது பக்கம் திரும்பினார். வினிதா உள்ளங்கையால் அந்தக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"கையை எடும்மா."

"மாட்டேன். நல்ல நேரத்துல ஒன்னு குத்தியாச்சுல்ல? இது என் தம்பி மடியிலதான்."

கூட்டம் சலசலத்தது. இப்படியொரு கூத்தை எங்கேயும் கண்டதில்லை என்றார் சேதுபதி. வினிதா மாமியாரின் முகத்தைப் பார்க்கப் பயந்து குனிந்தே இருந்தாள். கை மட்டும் காதைவிட்டு நகரவில்லை.

சொர்ணலட்சுமி, பிள்ளையின் காதைப் பொத்தியிருந்த மருமகளின் கையைப் பார்த்தாள். பிறகு பந்திப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏலே, இலையைப் போடாதீங்க! இன்னும் ஒரு காது இருக்கு."