ஞானசெல்வி வழுக்கி விழுந்த சேறு

"அம்மா காலக் கழுவுங்கப்பா" என்று ஜாஸ்பின் கேட்டபோது, அவள் அப்பா பங்கிராஸின் வலது பாதத்தில் சேறு ஊற ஆரம்பித்து ஏழு வருடமாகியிருந்தது. அப்படி ஒன்றைக் கேட்கவே கூடாது என்பது அந்த வீட்டில் சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்த விஷயம். அப்பாவிடம் புத்தகம் கேட்கலாம், ஹாஸ்டல் ஃபீஸ் கேட்கலாம், போன் கூடக் கேட்கலாம். அம்மாவைப் பற்றி எதையும் கேட்கக் கூடாது. மன்னிப்பு என்ற சொல்லை ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் போய்ப் பட்டம் வாங்கி, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலையும் பார்க்கிற ஜாஸ்பின், லீவு போட்டு வந்து, பெரிய வியாழன் மத்தியானத்தில், அப்பா வாசல் குழாயடியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அதைக் கேட்டாள்.

சேறு வந்த விதம் இதுதான். ஆவூருக்குத் தெற்கே சூசைபுரத்தில் பங்கிராஸ் வாடகைக்கு டிராக்டர் ஓட்டினார். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை சொட்டுக் குடிக்க மாட்டார். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்கு அவர்தான் சிலுவை தூக்குவார், செருப்பில்லாமல். அந்த நாற்பது நாளும் அவரைப் போல ஒரு கிறிஸ்தவனைச் சுற்றுவட்டாரத்தில் பார்க்க முடியாது. ஈஸ்டர் பூசை முடியும், கறி வாங்கி வீட்டில் கொடுப்பார், பிராந்திக் கடைக்குப் போவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஞானசெல்விக்கு உதை விழும். அதன் பிறகு அடுத்த சாம்பல் புதன் வரைக்கும் விழுந்துகொண்டேயிருக்கும். கையை ஓங்க மாட்டார். நற்கருணை வாங்குகிற கையால் பெண்பிள்ளையை அடிக்கக் கூடாதென்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். அதனால் எல்லாவற்றையும் வலது கால் பார்த்துக்கொண்டது. அவர் அதை ஒவ்வொரு வருடமும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி, பரிகாரமாகக் கொடுத்த ஜெபங்களைச் சொல்லி முடித்து, லேசான மனதோடு வீட்டுக்கு வருவார். ஞானசெல்வியிடம் மட்டும் சொன்னதில்லை.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஊர் கேட்கும் அல்லவா, அதற்கு ஞானசெல்வி ஒரே பதில் வைத்திருந்தாள்: சேத்துல வழுக்கி விழுந்துட்டேன். "பாத்து நடக்கக் கூடாதா" என்று பக்கத்து வீட்டுச் செவந்தி சொல்லுவாள். சிஸ்டர்மார் தலையாட்டுவார்கள், பங்குச்சாமியார் தைலம் தேய்க்கச் சொல்லுவார். மழையே பெய்யாமல் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வருடத்திலும் அவள் சேற்றில்தான் வழுக்கி விழுந்தாள், அப்போதும் எல்லோரும் தலையாட்டினார்கள். பத்தாம் வகுப்பில் டீச்சர் கேட்டபோது ஜாஸ்பினும் அதையே சொன்னாள். இல்லாத சேற்றை இத்தனை பேர் இத்தனை காலம் ஒப்புக்கொண்டால் அது எங்கேயாவது வந்துதானே ஆக வேண்டும். வந்தது.

அந்த வறட்சி வருடம் பெரிய வியாழனுக்கு, சீடர்களுக்கு இயேசு கழுவியதைப் போலச் சாமியார் பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரில் பங்கிராஸும் ஒருவர். பன்னிரண்டு பேருமே வீட்டிலேயே சுத்தமாகக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். அழுக்குக் காலைச் சாமியாரிடம் நீட்ட யாருக்கு மனசு வரும்? ஞானசெல்வியே தேங்காய் நாராலும் சோப்பாலும் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் போட்டு அனுப்பினாள். பீடத்துக்கு முன்னால் சாமியார் தண்ணீர் ஊற்றியதும் அந்தக் காலிலிருந்து சேறு இறங்கியது. தாம்பாளம் நிறைந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மெல்வின் வெளியே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு வந்து வைத்தார், மறுபடி நிறைந்தது. பாடற்குழு பாட்டைத் திரும்பப் பாடியது. கடைசியில் சாமியார் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். பூசை கொஞ்சம் லேட்டாகி முடிந்தது. வேப்பமரத்தடியில் அந்த வருடம் பொன்னாங்கண்ணி நன்றாக வந்தது.

புதுக்கோட்டையில் தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். பங்கிராஸ் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்க் கடலில் நின்றார், கால் பட்ட இடத்தில் அலை பழுப்பாகிப் போனதுதான் மிச்சம். டிராக்டர் பிரேக்கில் கால் வழுக்க ஆரம்பித்ததும் பெடலில் சாக்கைச் சுற்றிக்கொண்டார். கோயிலில் தரை வீணாகிறது என்று வாசலோரம் அவருக்கு ஒரு கோணிப்பை போட்டார்கள், அவரும் அதில் உட்கார்ந்துகொண்டார். அவமானம் பழகிப்போனது, ஈஸ்டர் வந்தால் கடைக்குப் போவதும் நிற்கவில்லை. ஜாஸ்பினின் பட்டமளிப்பு விழாவுக்குக் காலில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு வந்தார். வயலிலிருந்து நேராக வந்துவிட்டார் என்று தோழிகளிடம் ஜாஸ்பின் சொன்னாள். அன்று ராத்திரி அவள் சுண்டுவிரல் நகத்துக்கு அடியில் இருந்த சேறு இன்னும் கொஞ்சம் பரவியது. ஆமாம், அவளுக்கும் இருந்தது, பத்தாம் வகுப்பிலிருந்தே. அடர்த்தியான நெயில் பாலிஷ் போட்டு மறைத்துவந்தாள். அம்மாவுக்கு முதுகெலும்பு இல்லை என்று ஓசூரில் தோழிகளிடம் பேசுகிற வாய்க்கும் அந்த நகத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அவள் யோசித்ததில்லை.

ஆக, ஜாஸ்பின் அப்படிக் கேட்டதும், குழாயடியில் பங்கிராஸ் நாரைக் கீழே போட்டார். யாரும் அவரைப் பன்னிரண்டில் ஒருவராக மறுபடி கூப்பிட்டதில்லை, ஆனாலும் வருடா வருடம் தேய்ப்பார். ஞானசெல்விதான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கோயிலுக்குப் போற நேரத்துல என்ன பேச்சு இது? படிச்ச திமிரா?"

"திமிருதான். ஊரான் காலச் சாமியாரு கழுவுறாரு, பொண்டாட்டி காலக் கழுவ ஒங்களுக்கு ஆகாதா?"

"வாய மூடுடி" என்றாள் ஞானசெல்வி.

ஊர் என்ன சொல்லும் என்று அவர் கேட்டதற்கு, மழையில்லாத வருடத்தில் சேற்றில் விழுந்தாள் என்று சொன்னபோது தலையாட்டின ஊர்தானே, இதற்கும் ஆட்டும் என்றாள் மகள். சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த செவந்தியின் கை நின்றது. பங்கிராஸ் விசுக்கென்று எழுந்தார். அவர் எழுந்தது வீட்டுக்குள் போகத்தான். ஆனால் வலது கால் தரையைவிட்டுக் கிளம்பியதும், ஞானசெல்வி சொம்பைப் போட்டுவிட்டு இடுப்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முகத்தில் பயம்கூட இல்லை. மாடு பழகின தொழுவத்தில் ஒதுங்கி நிற்பதைப் போல ஒதுங்கினாள். குடிக்காத கண்ணால் அதை அவர் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தார். பிறகு குழாயடியில் கிடந்த பேசினைக் கவிழ்த்து அலசி, தண்ணீர் பிடித்து, அவள் முன்னால் மண்டி போட்டார். அவள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். புள்ள பாக்குது, வேணாங்க என்றாள். வெட்கத்தில் அவளுக்குத்தான் அழுகை வந்தது.

"நீ வழுக்கி விழல செல்வி" என்றார். "நான் ஒதச்சேன்."

சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படிதான் சொன்னார். செவந்தி உள்ளே போகவில்லை, தலையைக் குனிந்துகொண்டு ஈரத்துணியோடு அங்கேயே நின்றாள். அவர் ஒரு காலைக் கழுவி முடித்தபோது, இன்னொரு காலை ஜாஸ்பின் வாங்கிக்கொண்டாள். கேட்டவள் அவள்தான், ஆனால் குனிந்த பிறகு அவளால் நிமிர முடியவில்லை. "டீச்சர்கிட்ட நானும் அதையேதாம்மா சொன்னேன்" என்றாள்.

"தெரியும்டி. நெயில் பாலிஷ் எதுக்குப் போடுறன்னும் தெரியும்."

பேசினில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. வெடிப்பு விழுந்த அந்தக் கால்களில் ஒரு நாளும் சேறு பட்டதில்லை.

ஞானசெல்வி முந்தானையால் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து வந்தாள். சாம்பல் புதனன்றே கட்டி வைத்த பை. இந்தத் தடவை பிள்ளையோடு போகிறேன் என்றாள். எப்படியாவது பேசி அம்மாவைக் காப்பாற்றிக் கூட்டிப்போய்விடலாம் என்று பஸ்ஸில் வரும்போது வாக்கியம் வாக்கியமாகத் தயார் பண்ணிவந்திருந்த ஜாஸ்பினுக்கு, அந்தப் பையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது.

"ஈஸ்டர் முடிச்சுட்டுப் போயேன்" என்றார் பங்கிராஸ்.

"எனக்கு ஈஸ்டர்னாத்தாங்க பயம்."

அவர் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். அந்த ஈஸ்டருக்கு அவர் கடைக்குப் போகவில்லை. பூசை முடிந்து வந்து தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்தார். கால் சேறு மெல்லக் காய்ந்து பொருக்கு விட்டது. ஆடியில் ஒருநாள் கால் தவறிக் கடைக்குப் போனார், மறுநாள் பழையபடி ஈரம். யாரும் கேட்காமலே அவரே ஓசூருக்குப் போன் போட்டு, நேற்று குடித்தேன் என்று ஞானசெல்வியிடம் சொன்னார். அவள் சரிங்க என்று வைத்தாள். இப்போது காய்வதும் ஈரமாவதுமாக இருக்கிறது. காய்கிற நாட்கள் அதிகம். காலில் பாலித்தீன் பையைக் கட்டி மறைப்பதில்லை. கோயில் வாசலில் அதே கோணிப்பையில்தான் உட்காருகிறார், உள்ளே வரச் சொன்னாலும் போவதில்லை. ஞானசெல்வி திருவிழாவுக்கு வருவாள், அவர் பேசினில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார், கழுவக் கொடுப்பாள், போய்விடுவாள். ஜாஸ்பினின் சுண்டுவிரலில் வெறும் நகம்தான் இருக்கிறது.

அந்த மத்தியானம் ஞானசெல்வி வாசல்படி இறங்கியபோது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. செருப்புப் போட்டுக்கொள்ளவில்லை. ஜாஸ்பின் பின்னால் வந்தாள், பங்கிராஸ் பையோடு அவளுக்கும் பின்னால் வந்தார். காய்ந்த ரோட்டில் அவர் வலது கால் வைத்த இடமெல்லாம் சேறு பதிந்துகொண்டே வந்தது, எதிரே வந்த டூவீலர்க்காரன் பழக்கத்தில் வண்டியை ஒதுக்கிப் போனான். செவந்தி சுவரோரம் வந்து, "பாத்துப் போ ஞானம், வழு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"எங்க செவந்தி சேறு இருக்கு? நல்லாக் காஞ்சுதான் கெடக்கு" என்று சொல்லிவிட்டு, ஞானசெல்வி திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.