மூக்கன் வெட்டிய கவ்வாத்து

எங்கள் தோட்டத்தில் வெயில்கூட முதலில் துரை பங்களாவுக்குத்தான் போகும். அப்புறம் கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோருக்கு, அப்புறம் மலைகளுக்கு. எல்லோருக்கும் கொடுத்து மிச்சமிருந்தால் பள்ளத்தில் கிடக்கிற எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வரும். மார்கழி, தை மாதக் குளிரில் அந்த வெயிலைத் திட்டாத நாளே எனக்குக் கிடையாது. ஆனால் ஒரு தை மாதம், ஒரே ஒரு காலையில், இன்னும் கொஞ்சம் பிந்தி வரட்டுமே என்று அதைக் கும்பிட்டேன்.

லயத்துக்குப் பின்னால் ஓடையோரம் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. தோட்டத்து நிலம்தான். தேயிலைக்கு ஆகாத கல்லுப் பள்ளம் என்று விட்டிருந்த இடத்தை என் மாமனார் கல் பொறுக்கி, மாட்டுச் சாணம் கொட்டி மண்ணாக்கியிருந்தார். அவர் போன பிறகு நானும் என் வீட்டுக்காரர் மூக்கனும் பார்த்துக்கொண்டோம். சித்திரையில் போஞ்சி, ஆடி மழையில் லீக்ஸ், ஐப்பசி மழை விட்டதும் உருளைக்கிழங்கு. நாங்கள் எந்த நாட்டு ஆட்கள் என்று பெரிய மனிதர்கள் கொழும்பிலும் டெல்லியிலும் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அவர்கள் என்ன பேசினாலும் சரி, 'நம்ம எடம்' என்று கை காட்ட எனக்கு அந்தத் துண்டு இருந்தது.

அதற்கும் வந்தது வினை. முந்தின வருஷம் மழையில் கிழங்கு அழுகி நிலம் சும்மா கிடந்ததைக் கண்டாக்கையா பார்த்துவிட்டார். தோட்டத்து வெளிவேலை முழுக்க அவர் பொறுப்பு.

"மூக்கா, வர்ற தை கடைசியில தொர சுத்திப் பாக்க வருவாரு. பயிரு நின்னா எடம் ஒனக்கு. சும்மா கெடந்துச்சுன்னா தேயிலை வச்சிருவோம்" என்றார்.

அதனால் அந்த முறை விதைக்கிழங்கைப் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தோம். நன்றாக வந்தது. பொங்கல் கழிந்தபோது செடி முழங்கால் உயரம். மூக்கன் வேலை விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அங்கேதான் போய் நிற்பார்.

பிறகு வானம் வெளுத்தது. காற்று நின்றது. உறைபனி வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும். மானாப்புல்லை அறுத்துச் செடிகளுக்கு மேல் பரப்பினோம். போதவில்லை. கொழுந்து பறிக்கப் போகும்போது நான் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை விரித்தேன். அவர் தன் கம்பளியைப் போர்த்தினார். என் கம்பளிக்குள் இருவரும் நடுங்கிக்கொண்டு படுத்தோம்.

வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்ததும் எழுந்து ஓடினேன். நிலம் முழுக்க வெள்ளை. புல்லுக்குக் கீழே கையை விட்டால் இலை கண்ணாடிச் சில்லு போல நொறுங்கியது.

ஆனாலும் வழி இருந்தது. உறைபனி விழுந்த செடியை வெயில் படும் முன்னால் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டால் பிழைக்கும். வெயில் முந்திக்கொண்டால் வெந்து போகும். ஓடை பக்கத்தில்தான் இருந்தது. குடமும் இருந்தது. நேரம்தான் இல்லை. விடியும்போது பெரட்டுக் களத்தில் நிற்காவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. அதுவாவது போகட்டும். முன்பு ஒரு தரம் மூக்கன் சொல்லாமல் வீட்டில் நின்றதற்கு, இன்னொரு முறை நின்றால் கணக்கு முடித்துப் பற்றுச்சீட்டுக் கொடுத்துக் குடும்பத்தோடு வெளியே அனுப்பிவிடுவதாகத் துரை சொல்லியிருந்தார்.

களத்தில் செல்லசாமிக் கங்காணியிடம் மூக்கன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கங்காணியாரே, வெயில் ஏர்ற வரைக்கும் விடுங்க. தண்ணி ஊத்திட்டு ஓடியாந்துர்றேன்."

கங்காணி திரும்பிக் கண்டாக்கையாவைப் பார்த்தார். கண்டாக்கையா பங்களாப் பக்கம் பார்த்தார்.

"தேயிலைக் கவ்வாத்து வெட்டு ஏற்கனவே பிந்திப் போச்சு மூக்கா. ஒன்ன விட்டா எல்லாரும் கேப்பானுங்க" என்றார் கண்டாக்கையா.

"அப்ப என்னையாவது விடுங்க சாமி" என்றேன்.

"ஏய் பேச்சி, கூடையத் தூக்கு."

நான் கொழுந்து பறிக்கிற நிரை எதிர்மலையில். அங்கிருந்து எங்கள் துண்டு நன்றாகத் தெரியும். வெயில் பங்களாத் தகரத்தில் விழுந்தது. ஸ்டோருக்கு வந்தது. பிறகு சரிவில் மெல்ல இறங்கியது. என் கை கொழுந்தைக் கிள்ளியது, கண் அங்கேயே இருந்தது. ஓடைக்கும் செடிக்கும் பத்தடி தூரம் இருக்காது, பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெள்ளை மின்னியது. பிறகு ஈரமாகியது. பகல் சாப்பாட்டுக்கு இறங்கும்போது எல்லாம் கறுப்பு.

சாயங்காலம் மூக்கன் கவ்வாத்துக் கத்தியோடு அப்படியே நிலத்தில் இறங்கினார். தேயிலை புதுசாகத் துளிர்க்க மட்டமாக வெட்டிவிடுகிற அந்தக் கவ்வாத்தில் எங்கள் தோட்டத்தில் அவரைப் போல ஆள் இல்லை. கருகின செடிகளை ஒவ்வொன்றாக மண்ணை ஒட்டிச் சீவினார்.

"என்னாங்க பண்றீங்க? இது தேயிலையா?"

"தேயிலை கருகுனா வெட்டித்தானே விடுறோம். துளிர்க்காமலா போவுது? நீ பேசாம இரு புள்ள."

அன்று முழுக்க அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்; அதையும் எப்படித் தடுப்பது? வெட்டியதையெல்லாம் அள்ளி ஓரத்தில் குவித்து நிலத்தைக் கூட்டிப் பெருக்கியும் விட்டார்.

தை கடைசியில் துரை வந்தார். கறுத்துப்போன செடியாவது நின்றிருந்தால் பயிர் வைத்தார்கள், பனி எரித்துவிட்டது என்று கண்டாக்கையா எடுத்துச் சொல்லியிருப்பார். இருந்தது துடைத்து வைத்த வெறும் மண். துரை ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் தேயிலை வரிசைக்கு அளந்து குச்சி அடித்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம் அந்தக் குச்சிகளுக்கு நடுவே, மண்ணைப் பிளந்துகொண்டு கிழங்குத் துளிர் பச்சையாக எட்டிப் பார்த்தது. ஒன்றிரண்டு இல்லை, நிலம் முழுக்க. கண்டாக்கையாவிடம் ஓடினேன்.

"ஐயா, பயிரு துளிர்த்திருக்குங்க. ஒரு தடவ வந்து பாருங்க சாமி."

வந்தார். குனிந்தும் பார்த்தார். "தொர முடிவு பண்ணிட்டாரு பேச்சி. நாத்தெல்லாம் வந்திருச்சு. நான் என்னா செய்ய?" என்றார். அவர் குரலில் பொய் இல்லை. அவராலும் முடியாதுதான்.

மறுநாள் பெரட்டில், எங்கள் துண்டில் தேயிலைக் குழி வெட்ட ஆள் பிரித்தார்கள். முதல் பேர் மூக்கன். அவர் மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் எதிர்மலைக்குப் போனேன். அன்று நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வேலை விட்டு வந்தவர் வாசலில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மண்ணை வழித்துக்கொண்டே சொன்னார்.

"பாத்தியா புள்ள, கவ்வாத்து சரியாத்தான் வெட்டியிருக்கேன்."

அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.