சூடாமணி அளந்த தலைகள்

சூடாமணி பி.ஏ. தேறிய வருஷம், மலையாள மகாராஜாவின் கோட்டைக்குள் இருந்த அவர்கள் தெருவில் இரண்டு பேச்சுதான் இருந்தது. ஒன்று, அவள் ஜாதகத்திலிருந்த செவ்வாய் தோஷம். இன்னொன்று, தஞ்சாவூர்க்காரர் உயர்வா, திருநெல்வேலிக்காரர் உயர்வா என்பது. முதலாவதற்குப் பரிகாரம் உண்டு.

அவளுடைய அப்பா சேஷன் சர்க்கார் கச்சேரி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; தஞ்சாவூர் வம்சம். எதிர்வீட்டு ராமசுப்ரமணியன் திருநெல்வேலி. யாருடைய முன்னோர் முதலில் வந்து மகாராஜாவிடம் வேலை பார்த்தார்கள் என்று தொடங்கிய வாக்குவாதத்தில் இருவரும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது.

சூடாமணிக்குக் கல்கத்தா சர்வகலாசாலையில் மானிடவியல் எம்.ஏ. படிக்க ஆசை. அப்பாவிடம் சொன்னாள்.

"அது எதைப் பத்தின படிப்பு?"

"மனுஷாளைப் பத்தி, அப்பா."

"அதுக்கு எதுக்குக் கல்கத்தா? இங்கே மனுஷா இல்லையோ?"

விண்ணப்பத்தோடு சொந்த ஆராய்ச்சி ஒன்றை அனுப்பினால் நல்லது என்று அவளுடைய புரபசர் சொல்லியிருந்தார். அந்நாளில் அந்த சாஸ்திரம் தலையை அளப்பதில் பெரும் நம்பிக்கை வைத்திருந்தது. தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். அதை வைத்து யார் எந்த இனம் என்று புத்தகங்கள் சொல்லின. சூடாமணி புத்தகத்துப் படத்தைக் காட்டி, ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்காரரிடம் பித்தளையில் இடுக்கி ஒன்று செய்து வாங்கினாள். நண்டின் கொடுக்குப் போல இருந்தது.

சேஷன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை வெச்சு அளந்தா, தஞ்சாவூர்த் தலை எது, திருநெல்வேலித் தலை எதுன்னு தெரிஞ்சுடுமோ?"

"வித்தியாசம் இருந்தாத் தெரியும்."

"இருக்கும். நீ அள. அப்புறம் விண்ணப்பத்திலே என் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

பெண் பிள்ளை ஆண்களின் தலையைத் தொடுவதாவது என்று அம்மா ஜெயலக்ஷ்மி கேட்டாள். கை படாது, பித்தளைதான் படும், பித்தளைக்குத் தீட்டில்லை என்று சேஷன் தீர்ப்புச் சொன்னார். செய்தி தெருவில் பரவியது. மறுநாள் காலை ஸ்நானம் முடிந்து, குடுமியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு இரண்டு கட்சிக்காரர்களும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ராமசுப்ரமணியன் மட்டும் படியேறவில்லை. தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்துகொண்டார். சூடாமணி இடுக்கியோடு தெருவைக் கடந்து போனாள்.

"நன்னா அழுத்திப் பிடிச்சு அள, குழந்தே. திருநெல்வேலித் தலையாக்கும்," என்றார் அவர்.

சூடாமணி கணக்குப் போட்டு முடித்தாள். இரண்டு ஊர்த் தலைகளுக்கும் வித்தியாசமே இல்லை. போதாததற்கு, அப்பாவுக்கும் எதிர்வீட்டு மாமாவுக்கும் வந்தது அச்சாக ஒரே எண். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். அப்பாவின் எண்ணில் ஒன்றைக் கூட்டிவிட்டால் நாளைக்கே கையெழுத்து விழும். கூட்டினாள். பார்த்தாள். ரப்பரால் அழித்துவிட்டு, பழைய எண்ணையே எழுதிக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினாள்.

சேஷன் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"மறுபடியும் அள."

அளந்தாள். அதே எண்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே," என்றார்.

சொல்லாமலே தெருவுக்குத் தெரிந்துபோயிற்று. அன்று சாயங்காலம் ராமசுப்ரமணியன் அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டுப் படியேறினார். சேஷன் எழுந்திருக்கவில்லை, ஆனால் பலகையை நகர்த்திப் போட்டார்.

"ஓய் சேஷன், கேட்டேன். உம்ம தலையும் என் தலையும் ஒண்ணாமே."

"நானும் கேட்டேன்."

"குழந்தையைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்? முறையாப் படிக்காதவ கையிலே கருவியைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்."

"அதே. நானும் அதைத்தான் நினைச்சேன்."

"கல்கத்தாவிலே சரியா அளக்கச் சொல்லித் தருவாளாமே. அனுப்பி வையும். இதை இப்படியே விட்டுட முடியுமா?"

தன் அளவு சரி என்று சூடாமணிக்குத் தெரியும். கதவருகே நின்று, "ஆமாம் மாமா, அங்கே நன்னாச் சொல்லித் தருவா," என்றாள். சேஷன் பேனாவைக் கேட்டு வாங்கினார். நற்சான்றுக்கு இன்னொரு கிரகஸ்தரின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. ராமசுப்ரமணியன் அங்கேயே போட்டார். ஜெயலக்ஷ்மி இருவருக்கும் காப்பி கொண்டுவந்தாள். ராமசுப்ரமணியனும் குடித்தார்.

இடம் கிடைத்தது. தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட இரண்டு பேரும் வந்தார்கள். வண்டி புறப்படும்வரை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது பற்றி மாறி மாறிச் சொன்னார்கள். வண்டி நகர்ந்ததும் சேஷன் சட்டென்று திரும்பி நின்றுகொண்டார். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. ராமசுப்ரமணியன்தான் கையை ஆட்டினார்.

கொல்லம் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்தபோது எதிரே இருந்த அம்மாள் விசாரித்தாள்.

"தனியாவா போறே? கல்கத்தாவிலே யாரு இருக்கா?"

"யாரும் இல்லை."

அதைச் சொல்லிவிட்டு, அழுகை வருமோ என்று சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை, நல்ல பசிதான் வந்தது. மடியில் இலையை விரித்துப் புளியஞ்சாதத்தைப் பிரித்து, அந்த அம்மாளுக்கும் கொஞ்சம் கொடுத்தாள்.